ப்ரீவியூ: சேனலைக் குறைத்து வீடுகளைப் பிடித்த தரைவழி டிவி

ப்ரீவியூ (Freeview) என்பது பிரிட்டனில் ஒளிபரப்புக் கோபுரங்களிலிருந்து வரும் இலவச டிஜிட்டல் டிவி சேவை. அதைப் பார்க்கக் கூரைமேல் ஒரு ஆன்டெனா இருந்தால் போதும். டிஷ் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம், இணையமும் வேண்டாம். டிவியின் பின்னால் கோஆக்ஸ் கேபிளைச் செருகி ஒருமுறை ட்யூன் செய்தால் பிபிசி, ஐடிவி, சேனல் 4 தொடங்கிப் பல டஜன் சேனல்கள் வரிசையாக வந்துவிடும். டிவி லைசென்ஸ் கட்டணம் மட்டும் உண்டு; 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. நேரலை டிவியை எந்த வழியில் பார்த்தாலும் அதைக் கட்டியாக வேண்டும் என்பதால், அதை ப்ரீவியூவின் விலையாகக் கணக்கிட முடியாது.

2002 அக்டோபர் 30 அன்று தொடங்கிய சேவை இது. ஒரு நாட்டில் தரைவழி டிஜிட்டல் டிவியை எப்படித் தொடங்க வேண்டும் என்று யோசிப்பவர்கள் முதலில் இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். காரணம், இதே கோபுரங்களை வைத்து இதற்கு முன்பு இன்னொரு நிறுவனம் முயன்று தோற்றிருக்கிறது.

அந்த முதல் முயற்சியின் பெயர் ஆன்-டிஜிட்டல். கார்ல்டன், கிரனாடா என்ற இரண்டு ஐடிவி நிறுவனங்கள் சேர்ந்து 1998 நவம்பர் 15 அன்று தொடங்கிய கட்டணச் சேவை. நாட்டில் மொத்தம் ஆறு மல்டிபிளெக்ஸ்கள். அதாவது 8 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசை ஒன்றில் பல சேனல்களைக் கட்டி அனுப்பும் ஆறு தொகுப்புகள். மூன்று ஆன்-டிஜிட்டலிடம் இருந்தன. 2001-ல் ஐடிவி டிஜிட்டல் என்று பெயரை மாற்றினார்கள். 2002 மே 1 அன்று சேவை மூடப்பட்டது.

கால்பந்து லீக் ஒளிபரப்பு உரிமைக்கு ஒப்புக்கொண்ட 31.5 கோடி பவுண்டுதான் அதைக் கவிழ்த்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பணக் கணக்கில் அது சரி. சாட்டிலைட் போட்டியாளர் செட்-டாப் பாக்ஸை இலவசமாகக் கொடுக்க, இவர்களும் இலவசமாகக் கொடுக்க வேண்டிவந்தது இன்னொரு பெரிய அடி. ஆனால் வீட்டுக்குள் டிவி முன் உட்கார்ந்திருந்தவர்களை விரட்டியது வேறு: படம் அடிக்கடி உறைந்தது, கட்டம் கட்டமாக உடைந்தது. அதற்குக் காரணம் ஒளிபரப்பின் அமைப்பிலேயே இருந்தது.

அன்று தேர்ந்தெடுத்த முறை 64-கியூஏஎம், பிழைதிருத்தம் 2/3. கியூஏஎம் என்பது அலையில் தரவை ஏற்றும் மாடுலேஷன் முறை; முன்னால் உள்ள எண் கூடினால் திறன் கூடும், ஆனால் சுத்தமான சிக்னல் வேண்டும். 2/3 என்றால் அனுப்புவதில் மூன்றில் இரண்டு பங்கு தரவு, மீதி பிழையைச் சரிசெய்ய. ஒரு மல்டிபிளெக்ஸில் விநாடிக்குச் சுமார் 24.1 மெகாபிட் அனுப்பலாம். கூடுதல் சேனல், கூடுதல் சந்தா என்பது கணக்கு. இந்த முறை பிழையில்லாமல் இயங்க, சிக்னல் இரைச்சலைவிட ஏறக்குறைய 17 டெசிபெல் உயர்ந்திருக்க வேண்டும். அனலாக் ஒளிபரப்பும் அதே அலைவரிசைப் பகுதியில் ஓடிக்கொண்டிருந்ததால் டிஜிட்டலுக்குச் சக்தியைக் கூட்டவும் வழியில்லை. லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்தில் அனலாக் 1000 கிலோவாட்டில் போனபோது டிஜிட்டல் 20 கிலோவாட்டைத் தாண்டவில்லை. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் எல்லைக் கோடு வரை படம் பளிச்சென்று இருக்கும். ஒன்றிரண்டு டெசிபெல் கீழே போனால் ஒன்றுமே இருக்காது. இருபது வருடப் பழைய ஆன்டெனாவை வைத்து அனலாக்கை நன்றாகப் பார்த்துவந்த வீடுகளில் இதனால்தான் டிஜிட்டல் படுத்தது.

இன்னொரு எதிரி திடீர் மின் இரைச்சல். பிரிட்ஜ் தெர்மோஸ்டாட் அணையும்போதும், பாய்லர் பற்றவைக்கும்போதும், வாசலில் மோட்டார் சைக்கிள் கிளம்பும்போதும் ஒரு நொடி சிதறல் வரும். அன்று பயன்பட்டது 2கே முறை (இது படத் தெளிவைக் குறிக்கும் 2கே அல்ல; சிக்னலை எத்தனை துணை அலைகளாகப் பிரிப்பது என்ற அளவு). அதில் ஒரு சின்னத்தின், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின், நீளம் 224 மைக்ரோவிநாடி. 8கே முறையில் 896. சின்னம் குறுகினால் ஒரே ஒரு மின்பொறி அதை முழுசாக நாசமாக்கிவிடும். மின் கவசம் இல்லாத சுவர் சாக்கெட்டும், டிவியோடு வரும் மெல்லிய இணைப்புக் கம்பியும் இந்த இரைச்சலை உள்ளே அழைத்துவந்தன. அதைச் சந்தாதாரருக்கு விளக்கிச் சொல்லிச் சமாளிப்பது நடக்கிற காரியமில்லை.

ப்ரீவியூ எடுத்த முடிவு இங்கேதான் முக்கியமாகிறது. பிபிசி, கோபுரங்களை நடத்திய கிரவுன் காசில், சாட்டிலைட் டிவி நிறுவனமான பிஸ்கைபி மூன்றும் சேர்ந்து வந்தபோது ஆறில் நான்கு மல்டிபிளெக்ஸ்களை 16-கியூஏஎம், பிழைதிருத்தம் 3/4 என்ற முறைக்கு மாற்றினார்கள். திறன் 24.1-லிருந்து 18.1 மெகாபிட்டாக இறங்கியது. ஒரு மல்டிபிளெக்ஸுக்கு இரண்டு சேனல் அளவுக்கு இழப்பு. கைக்கு வந்தது ஏறக்குறைய 4 டெசிபெல் லாபம்: அந்த அளவுக்குக் குறைந்த சிக்னலிலும் படம் நிற்கும். எல்லாக் கோபுரங்களிலும் சக்தியை இரண்டரை மடங்கு கூட்டியதற்குச் சமம், ஒரு வாட் கூடச் செலவழிக்காமல். கட்டண சேனல்களை விட்டுவிட்டதால் அந்த இரண்டு சேனல் இழப்பு யாருக்கும் வலிக்கவில்லை. எத்தனை சேனல் என்று எண்ணுவதற்கு முன், ஊரிலேயே மோசமான ஆன்டெனாவில் படம் நிற்கிறதா என்று பார்த்தார்கள். அந்த வரிசைதான் இந்தச் சேவையின் வெற்றிக்கு அடிப்படை என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெட்டி விஷயத்திலும் அதே தெளிவு. ஸ்மார்ட் கார்டு இல்லை, போன் லைன் இணைப்பு இல்லை. சுமார் 100 பவுண்டில் ஒரு எளிய அடாப்டர் கடையில் கிடைத்தது. விலை பிறகு வேகமாக இறங்கியது. மானியம் கொடுத்துப் பெட்டியை வீட்டில் திணிக்கவில்லை, வேண்டியவர் வாங்கினார். மூடிப்போன சேவையின் பழைய பெட்டிகளிலும் இலவச சேனல்கள் வந்தன என்பது ஆரம்பத்துக்குக் கைகொடுத்தது. சேனல் எண்களை ஒளிபரப்பாளரே அனுப்புவதால் 1 என்றால் எல்லா வீட்டிலும் பிபிசி ஒன், 3 என்றால் ஐடிவி. சிறிய விஷயம்போலத் தெரியும். வயதானவர்கள் ரிமோட்டைக் கையில் எடுக்கிற இடத்தில் இதற்கு இருக்கிற மதிப்பு பெரிது.

அனலாக்கை அணைத்த முறையும் பாராட்டத்தக்கது. வட்டாரம் வட்டாரமாக, இரண்டு கட்டமாகச் செய்தார்கள். வைட்ஹேவன் நகரில் 2007 அக்டோபர் 17 அன்று அனலாக் பிபிசி டூ மட்டும் போனது. அந்த இடத்தில் கூடுதல் சக்தியோடு டிஜிட்டல் வந்தது. மற்ற அனலாக் சேனல்கள் நவம்பர் 14 அன்று அணைந்தன. நடுவில் கிடைத்த நான்கு வாரத்தில் வீட்டில் மறந்துபோன இரண்டாவது டிவி, ஓடாத பெட்டி, கோளாறான ஆன்டெனா எல்லாம் வெளியே வந்துவிடும். அதுவரை மற்ற அனலாக் சேனல்களும் கையில் இருக்கும். 75 வயதைக் கடந்தவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் தனி உதவித் திட்டம் இருந்தது. 2012 அக்டோபர் 24 அன்று வட அயர்லாந்தில் வேலை முடிந்தது. அனலாக் போனதும் கிரிஸ்டல் பேலஸ் டிஜிட்டல் 200 கிலோவாட்டுக்கு ஏறியது. 8கே முறைக்கும் 64-கியூஏஎம்முக்கும் மாறினார்கள். சக்தி கிடைத்தபிறகு திறனைக் கூட்டுவதுதான் சரியான வரிசை. இதில் அடிபட்டது 8கே புரியாத சில ஆரம்பகாலப் பெட்டிகள். அவை அன்றோடு செத்தன. தொடங்கும் நாள் முதலே பெட்டிகளுக்கான தரநிலையைக் கறாராக வைக்காததன் விலை அது.

இப்போது குறைகள். முதலாவது, எல்லாருக்கும் ஒரே ப்ரீவியூ கிடைப்பதில்லை. பொதுச்சேவை மல்டிபிளெக்ஸ்கள் மூன்றும் 1100-க்கும் மேற்பட்ட தளங்களிலிருந்து 98.5 சதவீத வீடுகளை எட்டுகின்றன. வணிக மல்டிபிளெக்ஸ்கள் மூன்றும் சுமார் 80 பெரிய தளங்களில் மட்டும். எட்டுவது 90 சதவீதம். பள்ளத்தாக்கில் சின்ன ரிலே கோபுரத்தை நம்பியிருப்பவர் அதே லைசென்ஸ் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பாதிச் சேவையைப் பார்க்கிறார். வாங்குவதற்கு முன் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தங்கள் கோபுரம் எது, எத்தனை மல்டிபிளெக்ஸ் என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

இரண்டாவது, படத்தின் தரம். தேசிய அளவிலான ஆறில் ஒன்று மட்டுமே டிவிபி-டி2, அதாவது தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பின் இரண்டாம் தலைமுறைத் தரநிலை. 2009 டிசம்பரில் எச்டி-க்காக வந்தது. அதே 8 மெகாஹெர்ட்ஸில் 40.2 மெகாபிட் அனுப்புகிறது. மற்றவை பழைய டிவிபி-டி, பெரும்பாலும் எம்பெக்-2 சுருக்கம். 55 அங்குலத் திரையில் வணிக மல்டிபிளெக்ஸ் ஒன்றின் எஸ்டி (சாதாரணத் தெளிவு) சேனலைப் போட்டால், புல்வெளியில் பந்து ஓடும்போது புல் கூழாகிவிடும். முதலில் தொடங்கியவர்கள் பழைய பெட்டிகளைத் தூக்கி எறிய முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஜெர்மனி 2017 மார்ச்சில் நேரடியாக டிவிபி-டி2, எச்இவிசி என்ற புதிய படச் சுருக்க முறை இரண்டுக்கும் தாவியது. இன்று புதிதாகத் தொடங்கும் நாடு அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

தொழில்நுட்பம் மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவே சாட்சி. தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 தொடங்கியது. டாங்கிள் செருகிய போனிலும் பார்க்கலாம் என்றது. ஆனால் வந்தவை தூர்தர்ஷனின் சில சேனல்கள் மட்டுமே, கடையில் விற்கும் டிவியில் டி2 ட்யூனர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டிடி ப்ரீ டிஷ் அதைவிடப் பல மடங்கு சேனலை இலவசமாகக் கொடுக்கும்போது மக்கள் ஏன் இந்தப் பக்கம் வருவார்கள்? நல்ல மாடுலேஷன் வீணாகப் போனது.

ப்ரீவியூ பொருத்தும்போது வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஆன்டெனாவுக்கும் டிவிக்கும் நடுவில்தான். டிவி மெனுவில் சிக்னல் திரையைத் திறந்தால் பலம், தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். இரண்டும் தாழ்ந்திருந்தால் ஆன்டெனா, கேபிள், திசை ஆகியவற்றைப் பாருங்கள். பலம் 100-ல் நின்று தரம் மட்டும் ஆடினால் சிக்னல் அதிகமாகிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்: பூஸ்டரைக் கழற்றிப் பாருங்கள். கோபுரத்துக்கு அருகில் இருந்துகொண்டு பூஸ்டர் போடுவது மிகச் சாதாரணமான தவறு. சாக்கெட்டில் சிக்னலின் அளவு 45 முதல் 65 டெசிபெல்-மைக்ரோவோல்ட் இருந்தால் நிம்மதி. இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் சுமார் 4 டெசிபெல் தின்னும் என்பதையும் கணக்கில் சேருங்கள். கேபிள் வாங்கும்போது செப்புத் தகடும் செப்புப் பின்னலும் சேர்ந்த இரட்டைக் கவசம் உள்ளதாக வாங்குங்கள். பெரிய கோபுரங்களுக்கு ஆன்டெனாவின் கம்பிகள் பெரும்பாலும் படுக்கையாகவும், ரிலேக்களுக்குப் பெரும்பாலும் நட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வானிலையில் காற்றழுத்தம் உயர்ந்து நிற்கும் நாட்களில் தூரத்துக் கோபுரங்களின் சிக்னல் எட்டிப்பார்த்துப் படத்தைக் கெடுக்கும். அந்த நேரத்தில் ரீட்யூன் செய்யவே கூடாது. டிவி இருந்த நல்ல அலைவரிசையை அழித்துவிட்டு எதையோ பிடித்துக்கொள்ளும். ஓரிரு நாள் பொறுத்தால் தானாகச் சரியாகும். இரண்டு கோபுரங்கள் சந்திக்கும் பகுதிகளில் வேறு தொல்லை: பிரிஸ்டலில் இருப்பவருக்கு வேல்ஸ் செய்தி 1-ஆம் எண்ணில் வந்து உட்காரும், சொந்த வட்டாரம் 800-க்கு மேல் போய்விடும். அப்போது ஆட்டோ ட்யூனை விட்டு, மேனுவலில் தங்கள் கோபுரத்தின் அலைவரிசை எண்களை மட்டும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கிரிஸ்டல் பேலஸ் என்றால் 22, 23, 25, 26, 28, 30.

ஆன்டெனாவைப் புதிதாக மாற்றுகிறவர்கள் அலைவரிசை எண் 21 முதல் 69 வரை எடுக்கும் பழைய வைட்பேண்ட் வகையை வாங்க வேண்டாம். 2020-ல் 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி முழுவதும் மொபைலுக்குப் போய்விட்டது. அந்த வகை ஆன்டெனா மொபைல் கோபுரத்தின் சிக்னலையும் அள்ளிக்கொண்டு வரும். முனையில் சாம்பல் நிற மூடி உள்ள குரூப் கே ஆன்டெனா 21 முதல் 48 வரை மட்டும் எடுக்கும். இன்றைய ப்ரீவியூ முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. தரைவழி ஒளிபரப்பு 2034 வரையாவது ஓடும் என்பதற்கு உறுதி இருப்பதால், இப்போது அதற்குச் செலவிடும் பணம் வீணாகாது.