இங்கிலீஷ்-தமிழ் டிக்ஷனரி ஆப் ரிவ்யூ: ‘சேவேஜ்’னு தேடினப்போ வந்த அர்த்தம்

ஒரு வருஷமா காசு கட்டி யூஸ் பண்ற டிக்ஷனரி ஆப் இது. பேர் போடல, ஆனா இந்த மாதிரி ஆப் நிறைய பேர் வெச்சிருப்பீங்க, உங்களோடதுலயும் இதே வார்த்தைய ஒரு தடவ தேடிப் பாருங்க.

நான் திருப்பத்தூர் பக்கம் டியூஷன் எடுக்குறேன். நல்லத மொதல்ல சொல்லிடறேன். நெட் இல்லாமலே ஓடுது, தமிழ் எழுத்து பெருசா தெளிவா இருக்கு, தேடுன வார்த்தையெல்லாம் சேவ் ஆகி நிக்குது. ஜவ்வாது மலைல பாதி ஊர்ல டவரே கெடைக்காது, அதனால லீவுக்கு மேல போற பசங்களுக்கு நானே இத போட்டுக் குடுத்தேன்.

போன வாரம் இங்கிலீஷ் பேப்பர்ல ஒரு செய்தி, தெருநாய் ஒரு சின்னப் பையன ‘சேவேஜ்’ பண்ணிடுச்சுன்னு. ஆப்ல இது வினைச்சொல்லா இல்லவே இல்ல. நாய் பாய்ஞ்சு கடிச்சுக் கொதறிடுச்சுங்கறதுதான் அர்த்தம், விமர்சகருங்க ஒரு படத்த கிழிச்சுத் தொங்கவிட்டாலும் இதே வார்த்தைதான். அது இல்லாததால ஒரு பொண்ணு ‘நாய் சிறுவனைக் காட்டுமிராண்டி ஆக்கியது’ன்னு எழுதிட்டு வந்து நிக்குது, அவ மேல என்ன தப்பு சொல்றது?

அதுக்கப்புறம்தான் மலைல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற பையன் ஒருத்தன் போன வாங்கி சத்தமா படிச்சான். கொடூரமான, காட்டுத்தனமான, காட்டுமிராண்டி, மலைவாசி. கடைசி வார்த்தைல நின்னுட்டான். வெரல் ஸ்க்ரீன் மேலயே இருக்கு, எடுக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு “சார், இது எங்களையா சொல்லுது?”ன்னு கேட்டான். எனக்கு தொண்டைய அடச்சிருச்சு.

இல்லடா, அது அந்த வார்த்தைய வெச்சு ஆளுங்க பண்ண வேலைன்னு சொன்னேன், போர்டுல எழுதியும் காமிச்சேன். லத்தீன்ல ‘சில்வா’ன்னா காடு, அதுல இருந்து பிரெஞ்சு ‘சொவாஜ்’ வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. அடிப்படைல காட்டுல இருக்கறது, பழக்கப்படாததுன்னுதான் அர்த்தம், கொடுமைங்கறது அதுக்கு மேல ஏறிக்கிட்டது. அப்புறம் நாடு புடிக்கப் போனவங்க அங்க ஏற்கனவே இருந்த ஜனங்களுக்கு இந்தப் பேர வெச்சாங்க. 1776ல அமெரிக்கா சுதந்திரப் பிரகடனத்துலயே அந்த மண்ணோட பூர்வகுடிகள ‘இரக்கமில்லாத’ன்னு அடைமொழி போட்டு இதே வார்த்தையாலதான் எழுதி வெச்சிருக்காங்க, நெலத்த புடுங்கினவங்க நெலத்துக்காரங்களுக்கு வெச்ச பேரு. இன்னைக்கு கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு லேர்னர் டிக்ஷனரி எதுல பாத்தாலும் ஆளுங்கள இப்படி சொல்றது புண்படுத்தும்னு குறிப்பு போட்டிருக்கும். காசு வாங்குற இந்த ஆப்ல அந்த ஒரு வரி கெடையாது. நாமளும் காட்டுமிராண்டின்னு யோசிக்காமதான சொல்லிட்டிருக்கோம், அதுலயும் காடுதான மொதல்ல நிக்குது.

இன்ஸ்டால பசங்க ‘சேவேஜ் ரிப்ளை’ன்னு போடறாங்களே, தரமான பதிலடி, மூஞ்சிக்கு நேரா தயங்காம குடுத்ததுன்னு அர்த்தம், பாராட்டு. அதுவும் இதுல இல்ல. உச்சரிப்பு பட்டன அமுக்கினா மிஷின் குரல் ‘சேவேஜ்’னு நீட்டுது, ‘சேவிஜ்’னு கிட்டத்தட்ட முடியணும்.

‘ஃபெரோஷியஸ்’, ‘ப்ரூட்டல்’, ‘க்ரூயல்’ எல்லாத்துக்கும் ‘கொடூரமான’ன்னு ஒரே வார்த்தைய ஒட்டி வெச்சிருக்காங்க. புலி ஃபெரோஷியஸா பாயும், அதுல மூர்க்கம்தான் இருக்கு, கொடுமை பண்ணணும்ங்கற எண்ணம் இல்ல. அடுத்தவன் வலிய பாத்தும் மனசு எறங்காததுதான் க்ரூயல். தமிழ்ல மூர்க்கம், வெறி, குரூரம், கொடுமைன்னு தனித்தனியா இருக்கும்போது ஒன்னையே ஏன் தேய்க்கணும்?

ரெண்டு தடவ மெயில் போட்டேன், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ன்னு ஒரே பதில் ரெண்டு தடவ வந்துச்சு. அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், அதுவும் நெட் இல்லாம ஓடறதுக்காக மட்டும். மலைல டவர் இல்லாத எடத்துல ஒரு புள்ளைக்கு கேட்டுக்க வேற ஆள் இருக்காது, போன்ல வர்றதுதான் அர்த்தம். அந்த ‘மலைவாசி’ய எடுக்கற வரைக்கும் நான் ரினியூ பண்ணப் போறதில்ல.