மும்பை–லண்டன்: நேராகவா, துபாய் வழியாகவா?

லண்டனில் பேரன் பேத்தியைப் பார்க்கக் கிளம்பும் மாட்டுங்கா மாமிகள் கேட்பது இதுதான்: "துபாய் சுத்திண்டு போனா ரொம்ப தூரமோ?"

இல்லை. மும்பையிலிருந்து ஹீத்ரோ நேராக ஏறத்தாழ 7,200 கி.மீ. துபாய் வழியாக 1,930-ம் 5,500-ம் சேர்ந்து 7,430. கூடுதல் தூரம், மும்பையிலிருந்து ரயிலில் சூரத் போகும் அளவுகூட இல்லை.

நேரத்தில்தான் இடிக்கிறது. நேர் விமானம் பத்து மணி நேரத்தை ஒட்டி இறங்கிவிடும். (எதிர்க்காற்று இல்லாததால் திரும்பும்போது இன்னும் சீக்கிரம்.) துபாய் வழியில் பறப்பதே பத்தரை மணி நேரத்துக்கு மேல், அப்புறம் காத்திருப்பு. மூன்று மணி நேரமா, சரி. எட்டு என்றால், டிக்கெட் மலிவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் நடுவில் இறங்கி நடப்பது தேவலை.