இன்ஸ்பயரா, பிரதமர் மானியமா?

தகரக் கூரை வீட்டு வெப்பம், குப்பைமேட்டுப் புகை என்று நகரச் சுகாதாரத்தை ஆராயத் தொடங்குபவருக்கு இந்தியாவில் நிதி பெற இரண்டு நல்ல வழிகள் உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டம் 5 ஆண்டுகளுக்கு மாதம் 1.25 லட்சம் ரூபாய் ஊதியமும், ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வுச் செலவும் தருகிறது. நிரந்தர வேலை தேவையில்லை. ஆய்வுகளுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப்-இன் பிரதமர் தொடக்கநிலை ஆய்வு மானியம் 3 ஆண்டுகளுக்கு 60 லட்சம் வரை தரும். ஆனால் நிரந்தரப் பணி வேண்டும்.

கருவி வாங்கி, ஆள் வைத்துத் தெருத் தெருவாகக் காற்றை அளக்க 7 லட்சம் எங்கே போதும்? அதற்குப் பிரதமர் மானியம்தான் சரி. அதே குடும்பங்களைப் பல கோடைகள் பின்தொடர வேண்டுமா? மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வை முன்கூட்டியே பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கே மாதக்கணக்காகும். 3 ஆண்டு பறந்துவிடும். அங்கே நான் இன்ஸ்பயரைத்தான் சொல்வேன்.