92,400 ரூபாய் எஸ்டிமேட், 8,650 ரூபாய் பில்

கோவை கணபதியில் லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன கார் ஒர்க்‌ஷாப். போர்டு வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை. என் டியூஷன் பையனின் அப்பா வழி சொல்லித்தான் போனேன்.

வண்டி 2013 மாடல் டீசல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாருக்கு முன்பே ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி, ஒரு மணி நேரம் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தின் டப்பா காலி. ஆனால் வீட்டு வாசலில் ஒரு நாளும் ஒரு சொட்டு ஒழுகிப் பார்த்ததில்லை.

வழக்கமாக விடும் பெரிய சர்வீஸ் சென்டரில், "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு மேடம்" என்றார்கள். இன்ஜினின் தலைப்பகுதிக்கும் (ஹெட்) அடிப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு அது. ஹெட்டை இறக்கி ஃபேஸிங் போட்டு, அதாவது அடித்தளத்தைச் சமமாகச் சீவி மாட்ட வேண்டும், கூடவே செயின் கிட், வால்வு சீல், லேபர் என்று 92,400 ரூபாய். ஹெட் வளைந்திருந்தால் தனிச் செலவாம். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "கூலண்ட் குறையுது, வெளியே லீக் இல்ல, அப்ப உள்ளதான் போகுது." கணக்கு டீச்சரிடம் இப்படி ஒரு நிரூபணம்! அதற்குப் பரிசோதனைக் கட்டணம் 1,500 வேறு.

கணபதிக்காரர் எஸ்டிமேட் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயிலில் கூலண்ட் கலந்தால் வரும், பால் கலந்த மாதிரியான வெளுப்பு இல்லை. அப்புறம் நீலத் திரவம் ஊற்றிய ஒரு குழாயைக் கூலண்ட் டப்பாவின் வாயில் வைத்து, வண்டியை ஓடவிட்டுக் காற்றை உறிஞ்சினார். கேஸ்கெட் வழியாகப் புகைக் காற்று கூலண்டில் கலந்தால் அந்த நீலம் மாறும், டீசல் வண்டிக்குப் பச்சையாகும் என்றார். பத்து நிமிடம் ஆகியும் நீலம் நீலமாகவே இருந்தது. கடைசியாக டப்பா மூடிக்குப் பதில் கைப்பம்பு மாட்டி அழுத்தம் ஏற்றினார். பம்பின் அழுத்த முள் மெல்ல இறங்கியது, எங்கோ கசிகிறது. டார்ச் அடித்து, "இங்க பாருங்கக்கா" என்று காட்டினார். வாட்டர் பம்பின் அடியில், சீல் கசிந்தால் வெளியே வர வைத்திருக்கும் ஒரு சிறு துளை, அதைச் சுற்றி காய்ந்துபோன ரோஸ் கறை. சீல் தேய்ந்து, ஓடும்போது மட்டும் கசிந்து, இன்ஜின் சூட்டிலேயே ஆவியாகியிருக்கிறது.

பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட், கூலண்ட், லேபர் எல்லாம் சேர்த்து 8,650. சோதனைக்கான 600 ரூபாயும் அதிலேயே அடக்கம். பழைய பம்பைத் தினத்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

குறையும் உண்டு. "சாயங்காலம் ரெடிங்க" என்றவர் மூன்றாம் நாள்தான் கொடுத்தார். போனை எடுக்கவே மாட்டார். உட்கார ஒரு டயர்தான். பில் கேட்டால் முகம் சுளிக்கிறார். நான் விடவில்லை, ஸ்பேர் கடை பில்லையும் வாங்கினேன்.

அதன்பின் மூன்று முறை குன்னூர் ஏறிவிட்டேன், முள் பாதியைத் தாண்டவில்லை. போகிறவர்கள் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே போங்கள். சூட்டோடு போனால் மூடியைத் திறக்க மாட்டார், எதிர் டீக்கடையில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். டீ சுமார்.