பிரிவின் நினைவுப்பொருள்: ஏற்காட்டு பீரோவா, ஸாக்ரெப் அருங்காட்சியகமா?

காதல் முறிந்த பிறகு கையில் மிஞ்சுகிற கடிதக்கட்டு, ஒற்றைக் கொலுசு, சேர்ந்து எடுத்த போட்டோ. இவற்றை எரிக்க மனம் வராதவர்களுக்கு இரண்டு வழிதான். ஒன்று, வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றுவது. இன்னொன்று, குரோவேஷியாவின் தலைநகரான ஸாக்ரெப்பில் உள்ள ‘முறிந்த உறவுகளின் அருங்காட்சியக’த்துக்கு அடியோடு கொடுத்துவிடுவது. ஏற்காட்டில் குடியிருப்பவர் கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். நானும் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். கீழே சேலத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

அருங்காட்சியகத்தைத் தொடங்கிய ஒலிங்கா விஷ்டிட்சாவும் டிராஷென் குருபிஷிச்சும் காதலர்களாக இருந்து பிரிந்தவர்கள். இருவருக்கும் பொதுவாக இருந்த சாமான்களை என்ன செய்வது என்ற பேச்சில் பிறந்த யோசனை, 2006-ல் கண்காட்சியாகி, நாடு நாடாகச் சுற்றி, 2010-ல் ஸாக்ரெப்பின் மேல்நகரில் நிரந்தரமாக உட்கார்ந்தது. 2011-ல் ஐரோப்பிய அருங்காட்சியக விருதுகளில் கென்னத் ஹட்சன் விருதும் கிடைத்தது. அங்கே இருப்பதெல்லாம் சாதாரண ஜனங்கள் கொடுத்தது. கொடுத்தவர் பெயர் இருக்காது. எந்த ஊர், எத்தனை காலம் நீடித்த உறவு, என்ன நடந்தது, இவ்வளவுதான் பக்கத்தில் எழுதியிருக்கும். பெர்லினிலிருந்து வந்த ஒரு கோடரி மிகவும் பிரபலம். விட்டுப்போன காதலியின் மரச்சாமான்களை நாளுக்கு ஒன்றாகப் பிளக்க ஒரு பெண் வாங்கிய கோடரி அது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் விறகுக் கோடரி. பொருளோடு சேர்த்து அதன் கதையையும் காப்பாற்றுகிற இடம் என்பதால்தான் அதன் மேல் எனக்கு இத்தனை பிடிப்பு.

இனி வீட்டுக் கதைக்கு வருவோம். ரகசியம், பீரோ சாவி, கல்யாணத்துக்குப் பிறகு யார் கண்ணில் படும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. தீர்மானிப்பது அதுவல்ல, ஈரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஜூனிலிருந்து டிசம்பர் வரை பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து போகும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே காகிதத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். ஸ்டீல் பீரோவை வெளிச்சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் இன்னும் மோசம். குளிர்ந்த சுவரால் பீரோவின் முதுகுத் தகடும் குளிர்ந்து, உள்ளே வியர்த்துவிடும். முதலில் கெடுவது அடித்தட்டில் பின்பக்கமாகத் தள்ளி வைத்த கட்டுதான். ரகசியக் கட்டை எல்லோரும் வைக்கிற இடமும் அதுவே.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும். இன்லண்ட் லெட்டரின் பசை ஓரத்தைச் சில்வர்ஃபிஷ் பூச்சி அரிக்கும். பால்பாயிண்ட் எழுத்து ஓரளவு தாங்கும், இங்க் பேனா எழுத்து ஈரம் பட்டதும் ஊறிப் பரவும். குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தில் ஓட்டை போடும். செல்லோடேப் மஞ்சளாகி, அதன் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும். கண்ணாடியை ஒட்டி ஃபிரேம் போட்ட போட்டோ கண்ணாடியோடேயே ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் கண்ணாடியில் நின்றுவிடும். வெள்ளிக் கொலுசு கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மத்தால். ரப்பர் பேண்டிலும் கம்பளியிலும் கந்தகம் இருப்பதால், அவற்றில் சுற்றி வைத்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். சேலம் சிவதாபுரத்து வெள்ளிப் பட்டறையில் பாலிஷ் போட்டு வாங்கிவிடலாம். ஆனால் பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளி தேயும், கால் பட்டுத் தேய்ந்த தடமும் அதோடு போய்விடும்.

அப்படியும் வீட்டில்தான் வைப்பேன் என்பவர்கள் செய்ய வேண்டியது: குண்டூசி, ரப்பர் பேண்ட், டேப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடிதங்களைப் பிரித்து நீட்டி, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறையில் போடுங்கள். பிவிசி உறை வேண்டாம், எழுத்தும் போட்டோவும் அதில் ஒட்டும். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடுகிற டப்பாவில் வைத்து, பத்து லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் என்ற கணக்கில் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போடுங்கள். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் காயவைத்து ஆறியபின் திருப்பிப் போட வேண்டும். மழைமாதங்களில் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது கட்டாயம். அந்துருண்டை பூச்சியை விரட்டுமே தவிர ஈரத்தை எடுக்காது. லேமினேஷன் செய்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. பூஞ்சை வந்துவிட்டால் துடைக்கக்கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு, நிழலில் காயவைத்து, வெளியே வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்ட வேண்டும்.

இதைப் பத்து வருடம் யார் செய்வார்கள்? மறக்க நினைப்பதை மாதாமாதம் திறந்து பார்ப்பது உடம்புக்குப் பெரிய வேலையில்லை, மனசுக்குத்தான் வேலை. நான் ஸாக்ரெப் பக்கம் சாய்வது இதனால்தான்.

சேலத்தில், அஸ்தம்பட்டியிலோ அம்மாப்பேட்டையிலோ உள்சுவர் ஓரமாக பீரோ இருந்தால் ஈரத் தொல்லை பெரும்பாலும் இல்லை, வீட்டிலேயே வைக்கலாம். மேல்தளத்து வெயில் மட்டும் கூடாது, போட்டோ நிறம் வெளுக்கும். பட்டுத்துணி எத்தனை வருடம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், வீட்டுக்கு வீடு மாறும்.

அனுப்புகிறவர்கள் முதலில் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அப்போதைய நடைமுறையைப் பார்த்துவிட்டுத்தான் பார்சல் கட்ட வேண்டும். காட்சிக் குறிப்புகள் குரோவேஷிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், கதையைத் தமிழில் எழுதினாலும் ஆங்கிலப் பிரதி ஒன்றைச் சேர்த்து வையுங்கள். கதையில் மற்றவரின் பெயர், முகவரி, வேலை பார்த்த இடம் எதுவும் வேண்டாம். கொடுத்ததெல்லாம் எப்போதும் காட்சிக்கு இருக்காது, சேகரிப்பு இடத்தைவிடப் பெரியது. கொடுத்தது கொடுத்ததுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டே கொடுங்கள்.

பார்சல் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சாமானால். பாதி மிஞ்சிய சென்ட் பாட்டில் விமானத் தபாலில் போகாது, எளிதில் தீப்பற்றும். பழைய செல்போன் என்றால் பேட்டரி தடையாகும். எஸ்டேட் நினைவாக வைத்த காப்பி விதையும் செடித்துண்டும் ஐரோப்பியச் சுங்கத்தில் நின்றுவிடும். வெள்ளி நகையைக் காப்பீடு இல்லாத பன்னாட்டுத் தபாலில் போடவே கூடாது, கவுண்டரில் கேட்டுக்கொண்டு கட்டுங்கள். சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்று மட்டும் எழுதாமல், பயன்படுத்திய சொந்தப் பொருள், இன்ன பொருள் என்று விவரமாக எழுத வேண்டும்.

நேரில் போய்க் கொடுக்க நினைப்பவர்களுக்கு: குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனிலும் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டம்) யூரோ நாணயத்திலும் சேர்ந்துவிட்டது. அதனால் ஷெங்கன் விசா, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இரண்டும் வேண்டும். இடம் சிறியதுதான், ஆனால் குறிப்புகளைப் படிக்காமல் சுற்றினால் ஒன்றுமே பார்த்ததாகாது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பொருளைக் கைப்பையில் கொண்டுபோங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.