இரண்டு வருடமாக வீட்டு ஹம்முஸ்: எது நிலைத்தது, எதைக் கைவிட்டேன்

கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்த்து அரைக்கும் ஹம்முஸை டப்பாவாகக் கடையில் வாங்குவதை நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. செலவைக் குறைக்கத்தான் வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். ருசிக்காக என்று பொய் சொல்ல மாட்டேன். சராசரியாகப் பத்து நாளுக்கு ஒரு முறை அரைக்கிறேன். முதல் ஆறு மாதம் வந்ததெல்லாம் நாக்கில் நறநறவென்று உருளும் கடலை விழுதுதான்.

பழியை மிக்சி மேல் போட்டேன். புதிது வாங்கக்கூடப் பார்த்தேன். கோளாறு மிக்சியில் இல்லை, வேகவைத்ததில் இருந்தது. ஹம்முஸுக்குக் கொண்டைக்கடலை வெந்தால் மட்டும் போதாது, குழைய வேண்டும். விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் இரண்டாகப் பிளக்கிறதா? இன்னும் வேகவில்லை. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு நசுங்க வேண்டும்.

இதற்குச் சமையல் சோடா உதவுகிறது. கடலையின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், காரத்தன்மையுள்ள நீரில் சீக்கிரம் கரையும், தோலும் இளகிவிடும். உப்புத் தண்ணீர், அதாவது கடின நீர் வரும் வீடுகளில் கடலை எவ்வளவு நேரம் வைத்தாலும் விறைப்பாக நிற்பது அதிலுள்ள கால்சியம் அந்தப் பெக்டினை இறுக்குவதால்தான். நான் 200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கால் டீஸ்பூன் சோடா போட்டு குக்கரில் வைக்கிறேன். சோடா கூடினால் சோப்பு வாடை வரும். இன்னொன்று, குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒருமுறை நிரப்பி வைத்துவிட்டு நகர்ந்தேன். நுரை பொங்கி வெயிட் வழியாகப் பீய்ச்சி அடித்து அடுப்பு முழுக்க மஞ்சள் பசை. சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம். விசில் கணக்கு சொல்ல மாட்டேன், அது கடலையின் வயதைப் பொறுத்தது. பழைய கடலை அடம்பிடிக்கும்.

தோலை ஒவ்வொன்றாக உரிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான்கைந்து முறை உட்கார்ந்து உரித்தேன். வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் செலவான பொறுமை திரும்பி வராது. நன்றாகக் குழைந்துவிட்டால் தோலும் சேர்ந்தே அரைபட்டுவிடுகிறது.

இனி பணம் போகும் இடத்துக்கு வருவோம். அது தஹினி, எள் விழுது. அரபியில் 'ஹும்முஸ்' என்றால் வெறும் கொண்டைக்கடலைதான். நாம் சாப்பிடுவதன் முழுப் பெயர் 'ஹும்முஸ் பி தஹினா', தஹினி சேர்த்த கடலை. பெயரிலேயே இருப்பதைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். தஹினியைப் பாதியாக்கி ஆலிவ் எண்ணெயைக் கூட்டினேன். அது வேறு ஏதோ பண்டம். கடைசியில் தஹினியையும் வீட்டிலேயே அரைக்க ஆரம்பித்த பிறகுதான் செலவு உண்மையாகவே இறங்கியது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளைச் சிறுதீயில் வாசனை வரும்வரை வறுத்தால் போதும். நிறம் மாறினால் கசப்பு. சூடு லேசாக இருக்கும்போதே அரைத்தால் எள்ளே எண்ணெய் விடும், இரண்டு ஸ்பூன் வாசனையற்ற எண்ணெய் சேர்த்தால் இளகி ஓடும். கடைத் தஹினி அளவுக்கு மழமழப்பு வராது. ஹம்முஸில் கலந்த பிறகு யாரும் கண்டுபிடித்ததில்லை.

அரைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் எலுமிச்சைச் சாறில் பூண்டைத் தட்டிப் போட்டு பத்து நிமிடம் விடுகிறேன். நசுக்கிய பூண்டில் காரத்தை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு அடக்கிவிடும். இதைச் செய்யாதபோது முதல் நாள் நன்றாக இருந்தது, மறுநாள் டப்பாவைத் திறந்ததும் பூண்டு மூக்கில் ஏறும். பிறகு அந்தச் சாறை வடிகட்டி, அரை கப் தஹினி, உப்பு, சிட்டிகை சீரகத்தூள் சேர்த்து மிக்சியில் ஓட்டுங்கள். தஹினி சட்டென்று இறுகித் திரிந்தது போலாகும். முதல் தடவை கெட்டுவிட்டது என்று கொட்டியே விட்டேன்! கெடவில்லை. ஐஸ் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டால் வெளுத்து, இளகி, கிரீம் போல வரும். அதற்கப்புறம்தான் கடலை. கொதிக்கக் கொதிக்கப் போட்டால் ஆவி மூடியைத் தூக்கிவிடும். வெதுவெதுப்பாக ஆறியிருக்க வேண்டும். கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே நிறுத்துங்கள், ஆறினால் கெட்டிப்படும். ஆலிவ் எண்ணெய் மிக்சிக்குள் வேண்டாம், வேகமாக அடித்தால் சிலவகை கசக்கும். மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

டின் கடலை அவசரத்துக்கு ஆகும், ஆனால் அதையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் குழைத்துக்கொள்ளுங்கள்.

2010ல் லெபனானில் 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்த நாட்டின் பரப்பளவும் 10,452 சதுர கிலோமீட்டர்தான், வேண்டுமென்றே வைத்த கணக்கு. நான் பேராசையில் ஒரு கிலோ கடலை போட்டு அரைத்ததே ஃபிரிட்ஜில் பாதிக்கு மேல் புளித்துப்போனது. நான்கு நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை.

அதனால் இப்போது மொத்தமாக வேகவைப்பது கடலையை மட்டும். தண்ணீர் வடித்து, ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன். அரைத்த ஹம்முஸை உறையவைத்தும் பார்த்தேன், உருகும்போது தண்ணீர் பிரிந்து நின்றது. கடலைக்கு அந்தத் தொல்லை இல்லை. வெந்நீரில் ஒரு கொதி விட்டு எடுத்தால், கால் மணி நேரத்தில் கிண்ணம் மேசைக்கு வந்துவிடும், மிக்சி ஜாரின் பிளேடுக்கு அடியில் ஒட்டியதை வழிக்கும் நேரத்தையும் சேர்த்து.