நாட்டுக்கோட்டை வீட்டுக்கு மெஷ் வைஃபை: டெக்கோ எக்ஸ்50 பற்றி ஒரு மதிப்பீடு

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நெட் இணைப்பு தெருப்பக்கத்து முகப்போடு நின்றுவிடுகிறது. ஃபைபர் இழுக்க வருபவர் பட்டாலை என்னும் முன்பக்க மேடைக் கூடத்துச் சுவரில் ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து வளவை (தூண்கள் சூழ்ந்த முதல் முற்றப் பகுதியை) கடந்து, அதற்கடுத்த பகுதியான இரண்டாம் கட்டைத் தாண்டி, பின்தெருவை ஒட்டிய அடுப்படி வரை சிக்னல் போயாக வேண்டும். காரைக்குடிப் பக்கம் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் சுவர்கள் ஒன்றரை அடிக்குக் குறையாத செங்கல், சுண்ணாம்புக் கட்டுமானம். 200 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு மெகாபிட்) வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு, இரண்டாம் கட்டில் வாட்ஸ்அப் படம் இறங்கக் காத்திருப்பதுதான் நடந்துகொண்டிருந்தது. அதற்காக டீபி-லிங்கின் டெக்கோ எக்ஸ்50 மூன்று பெட்டித் தொகுப்பை வாங்கினோம். வீட்டின் பல இடங்களில் வைத்த பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவதுதான் மெஷ்.

பெட்டியின் மேல் ‘ஏஎக்ஸ்3000’ என்று இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402 எம்.பி.பி.எஸ். என இரண்டு பேண்டுகளின் (அலைவரிசைகளின்) உச்ச வேகத்தையும் கூட்டி, தோராயமாக்கி வந்த எண் அது. எந்தக் கைப்பேசிக்கும் அந்த வேகம் கிடைக்காது. 2402 என்பதும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சானலில் இணையும் கருவிக்கு மட்டுமே உரியது. 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தோடு நிற்கும் கைப்பேசிகளுக்கு உச்சமே 1201தான். ஆகவே கடையில் இந்த எண்ணை வைத்து மாடல்களை ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை. பெட்டிகள் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

எக்ஸ்50 இரண்டு பேண்டு மட்டுமே கொண்டது; பெட்டிகளுக்கு இடையிலான பேச்சுக்கென்று தனி ரேடியோ இதில் இல்லை. ஒயர் இல்லாமல் வைத்தால், கைப்பேசிகளுக்குச் சேவை செய்யும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே முன்பெட்டியிடமிருந்து தரவை வாங்கி, மறுபடி அனுப்பவும் வேண்டும். இதனால் பெட்டிக்குப் பெட்டி தரவு தாவும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும், நடுவில் சுவர் வந்தால் இன்னும் குறையும். எங்கள் வீட்டில் இது கண்கூடாகத் தெரிந்தது. முகப்பில் ஒன்று, வளவுத் தாழ்வாரத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என்று வைத்தபோது, வளவு முழுவதும் வேகம் நன்றாகவே இருந்தது. திறந்த முற்றத்தின் மேலாகச் சிக்னல் தடையின்றி எதிர்ப்பக்க அறை வாசல் வரை போகிறது. அடுப்படியிலோ 60 எம்.பி.பி.எஸ். கிடைப்பதே அரிது. வாசலிலிருந்து பின்கட்டு வரை கதவு நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், கதவுகள் திறந்திருக்கும் பகலில் நிலைமை பரவாயில்லை. இரவில் கனமான தேக்குக் கதவுகளைச் சாத்தியதும் வேகம் மேலும் இறங்கியது. ‘முழு வீட்டு வைஃபை’ என்று அச்சடித்தவர்கள் இப்படியொரு வீட்டுக்குள் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

தீர்வு கேட் 6 லேன் கேபிள்தான். பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீடு என்பதால் சுவரில் துளையிட யாரும் சம்மதிக்கவில்லை, பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை. வளவுத் தூண்களுக்கு மேலே ஓடும் உத்திரத்தின் மேற்பக்கமாகவே கேபிளைப் படுக்கவைத்து, நிலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தின் வழியாக அடுத்த கட்டுக்குக் கொண்டுபோனோம்; கீழிருந்து பார்த்தால் தெரியாது. முற்றத்து வெயில் படும் என்பதால் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறைக் கேபிள் வாங்குவது அவசியம். நூறு மீட்டர் வரை கிகாபிட் வேகம் குறையாது என்பதால் இவ்வளவு நீளமான வீட்டுக்கும் இது போதும். எக்ஸ்50இன் ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று கிகாபிட் போர்ட்டுகள் இருக்கின்றன; கேபிளைச் செருகியதும் பெட்டிகள் தாமாகவே ஒயர் வழிக்கு மாறிக்கொண்டன, அடுப்படியிலும் திட்டத்தின் முழு வேகம் வந்தது. மீதமுள்ள போர்ட்டில் டிவியை நேரடியாக இணைக்கலாம்.

இந்தப் போர்ட் விஷயத்தில்தான் மலிவு மாடல்கள் ஏமாற்றும். டெக்கோ இ4இன் போர்ட்டுகள் 100 எம்.பி.பி.எஸ். வரையே, கேபிள் இழுத்தும் பாதித் திட்டம் வீணாகும். 2019இல் வந்த கூகுள் நெஸ்ட் வைஃபையின் துணைப் பெட்டியில் லேன் போர்ட்டே கிடையாது. கேபிளுக்கு வழியே இல்லாத வீட்டுக்கு, பெட்டிகளுக்கிடையே தனி 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டை ஒதுக்கும் மூன்று பேண்டு மாடலே பொருந்தும். 2016இல் நெட்கியர் ஓர்பி அந்த வழியில் வந்தது. விலை கூடுதல்தான், ஆனால் அங்கே எக்ஸ்50ஐ நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அமைப்பது எளிது, டீபி-லிங்க் கணக்கும் கைப்பேசிச் செயலியும் கட்டாயம். நெட் நிறுவனம் தந்த பெட்டியே ரூட்டராக இருந்தால் டெக்கோவை அக்சஸ் பாயிண்ட் முறைக்கு (ரூட்டர் வேலையை விட்டு வைஃபையை மட்டும் பரப்பும் முறைக்கு) மாற்றி, அந்தப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கான கட்டுப்பாட்டு வசதி அப்போது கிடைக்காது. பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்துக்கொண்டால் கேமரா, டிவி எதையும் மறுபடி இணைக்கத் தேவையில்லை.

கல்யாணத்துக்கு உறவுக்கூட்டம் கூடியபோதும் வேகம் தடுமாறவில்லை. மின்தடைக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்: முகப்பு மட்டும் இன்வர்ட்டரில் இருந்தால், கரண்ட் போனதும் பின்கட்டுப் பெட்டிகள் அணைந்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் அடாப்டரில் குறித்திருக்கும் வோல்ட், ஆம்பியருக்குப் பொருத்தமான ரூட்டர் யூ.பி.எஸ்.ஸையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.